ஐந்து எண்ணுவதற்குள் அணைகிற கம்ப்யூட்டர்

கந்தர்வக்கோட்டை
3.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தொடப் போகிறது. அழகி இப்போதுதான் தூங்கினாள். ஏழு மாதப் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று தெரியவில்லை. நீ நலமா? கப்பல் இப்போது எந்தக் கடலில்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஆத்தாவிடம் காலையில் பேசினேன். ஆவுடையார்கோவிலில் எல்லோரும் சுகம்.

அண்ணே, கம்ப்யூட்டர் ஓடவில்லை. நீ என் கல்யாணத்துக்குப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்ததேதான். நேற்று விஜயதசமி, நல்ல நாளில் ஆய்வேட்டில் ஒரு பக்கமாவது எழுதுவோம் என்று ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, அப்படியே அணைந்துவிட்டது. இன்று பத்து தடவை பார்த்தாயிற்று, அதே கதைதான்.

நாற்பது கண்மாய் அண்ணே. நாலு வருடம் முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்த நீர்த்தாவரக் கணக்கெடுப்பு, படங்கள், ஐந்து அத்தியாயம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. பென் டிரைவில் இருப்பது அழகி வயிற்றில் இருந்தபோது ஏற்றிய இரண்டு அத்தியாயம் மட்டும். குறிப்பு நோட்டுகளில் பாதி தண்ணீர் பட்டு வெறும் ஊதாக் கறையாக இருக்கின்றன. சமர்ப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி முப்பது. ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளி வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது என்று கைடு மேடம் சொல்லிவிட்டார்.

உன் கப்பல் மெயிலில் படம் ஏறாது, போனும் எட்டாது. அதனால் என் போனில் தட்டி, எழுத்திலேயே கேட்கிறேன். என்ன செய்ய?

தங்கை,
அமுதவல்லி

•

கடலில்
9.10.2025

அன்புள்ள அமுதாவுக்கு,

நலம். இலங்கையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் என் வணக்கம். மருமகள் பேசுகிறாள் என்றால் அது நம் வீட்டு ரத்தம், தடுக்க முடியாது.

பயப்படாதே. நான் இந்தக் கப்பலுக்கே கரண்ட் வேலை பார்க்கிறவன். ஒரு பெட்டிக்கு வழி தெரியாதா? ஆனால் என் கண் அங்கே இல்லை, நீதான் கண். கேட்பதற்கெல்லாம் பார்த்துச் சொல். எத்தனை நொடி ஓடுகிறது? 'பீப்' என்று சத்தம் வருகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? உள்ளே கடகடவென்று ஓசை கேட்கிறதா? தண்ணீர், பால், டீ எதுவும் கொட்டியதா? எலி போனதா? இடி விழுந்ததா?

முக்கியமாக, யார் சொன்னாலும் உள்ளிருப்பதை அழிக்க விடாதே.

அருள்மணி

•

கந்தர்வக்கோட்டை
11.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்ததும் பாதி உயிர் வந்தது. இங்கு எல்லோரும் நலம், அழகிக்கு மட்டும் லேசாகச் சளி.

நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். சரியாக ஐந்து எண்ணினால் அணைகிறது, ஆறு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அமுக்கினால் மறுபடி ஐந்து. பீப் இல்லை. திரையில் எழுத்து வருவதற்குள் போய்விடுகிறது. கடகட இல்லை. எதுவும் கொட்டவில்லை. எலி இல்லை. இடி இல்லை, மழையே இன்னும் வரவில்லை.

உன் மாப்பிள்ளை மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "மூச்சு இருக்கு, வயிறு உப்புசமில்ல. மாடா இருந்தா இந்நேரம் ஊசி போட்டு எழுப்பிருப்பேன்" என்கிறார். அத்தை, "பூசைக்கு வந்தவுக எல்லாம் அதைத்தானே பாத்துட்டுப் போனாக, கண்ணு பட்டுருச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் நாங்கள் நாலு பேரும் இருமினோம். கம்ப்யூட்டர் இருமவில்லை.

எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. சீக்கிரம் எழுது.

அமுதவல்லி

•

சிங்கப்பூர் அருகில்
19.10.2025

அன்புள்ள அமுதாவுக்கு,

நாளை தீபாவளி. எல்லோருக்கும் வாழ்த்து. மருமகள் காதில் பஞ்சு வையுங்கள்.

நீ சொன்ன விதம் சுத்தம். எங்கள் இன்ஜின் ரூமில் இப்படி யாரும் சொல்வதில்லை. இப்போது செய்ய வேண்டியது. முதலில் சுவரில் வேறு பிளக்கில் மாட்டிப் பார். மவுஸ், கீபோர்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார். அதற்கும் மசியாவிட்டால், கரண்ட் ஒயரை முழுக்கப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் இருக்கும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திற. உள்ளே சீப்பு மாதிரி நீளமாக ஒரு பச்சைப் பட்டை நிற்கும், அதுதான் மெமரி. பிடுங்கி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப அழுத்தி மாட்டு. மாட்டும்போது 'கிளிக்' கேட்க வேண்டும்.

அரைமணி நேர வேலை. உன்னால் முடியும். நீ சேற்றில் காலை விட்டுப் பாசியை வேரோடு எடுக்கிறவள்.

அருள்மணி

•

கந்தர்வக்கோட்டை
12.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. தீபாவளிக்கு மறுநாள் அழகிக்குக் காய்ச்சல். அது விட்டதும் எனக்கு. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை, ஸ்க்ரூ டிரைவரைக் காணோம், கிடைத்தபோது முனை பொருந்தவில்லை. நீ சுகமாக இருக்கிறாயா? அங்கே புயல் கியல் இல்லையே?

பிளக்கை மாற்றிப் பார்த்தேன், மவுஸைக் கழற்றிப் பார்த்தேன். அதே ஐந்து. மூடியை இன்னும் திறக்கவில்லை.

ஆனால் போன வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கே போய்விட்டேன். கூட அத்தையும் அழகியும். பெட்டி என் மடியில், பிள்ளை அத்தை மடியில். கண்டக்டர், "ஏந்தங்கச்சி, புள்ளைய நீ வாங்கிக்கிட்டு பொட்டிய அவுககிட்டக் குடுக்கலாமுல்ல?" என்றார். "பொட்டி அழுதா அவுகளுக்குச் சமாதானம் பண்ணத் தெரியாதுங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

கடையில் ரகுநாத் என்று ஒருவர். ஆன் செய்தார், ஐந்து எண்ணினார், உதட்டைப் பிதுக்கினார்.

"போர்டு போச்சுக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திரலாம். பழசுல அப்படி என்னதான் இருக்கு?"

"நாப்பது கம்மா இருக்கு தம்பி."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "ஆமாப்பா, தண்ணியோட இருக்கு" என்றார் அத்தை. நீ சொன்னது நினைவுக்கு வந்ததால் அழிக்க விடவில்லை. அப்படியே மடியில் வைத்துத் திரும்பினேன்.

இப்போது மேசைமேல் துணி மூடி இருக்கிறது.

அமுதவல்லி

•

ஹாங்காங்
15.11.2025

அமுதாவுக்கு,

நான் நலம். உடனே எழுதுகிறேன், துறைமுகத்தில் நிற்கிறோம்.

அழிக்க விடாமல் திரும்பியது பெரிய காரியம். இப்போது நேராக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மழை, காய்ச்சல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சரி. புதுக்கோட்டைக்குப் பெட்டியைச் சுமந்து போக நாள் கிடைத்திருக்கிறது. நாலு ஸ்க்ரூவுக்கு ஏன் இருபத்துநாலு நாளாகக் கிடைக்கவில்லை?

கேட்பவன் யோக்கியனா என்றால் இல்லை. மூன்று வருடமாக உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் எல்லாம் புதுசு என்று உன் கல்யாணத்தில் பந்தாவாகச் சொன்னேன். ஹார்டு டிஸ்க் மட்டும் புதுசில்லை, என் காலேஜ் காலத்துப் பழையது. அப்போது கையைக் கடித்தது, நன்றாகத்தானே ஓடுகிறது என்று போட்டுவிட்டேன். நீ முதல் கடிதம் எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. 'கடகட' கேட்கிறதா என்று நான் கேட்டது அதற்காகத்தான்.

உன் நாலு வருடம் என்னால் போயிருந்தால் நான் என்ன செய்வேன்?

அருள்மணி

•

கந்தர்வக்கோட்டை
16.11.2025

அண்ணே,

சீர்வரிசையில் பழசா! பித்தளைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் மாலை போட்டு வைத்தோமே அதை! அத்தைக்கு மட்டும் தெரிந்தால் நீ அடுத்த தடவை கறிச்சோற்றை மறந்துவிடு. சொல்ல மாட்டேன், பயப்படாதே. கொஞ்ச நேரம் கோபம் வந்தது. அப்புறம் நீ தூங்காமல் இருந்ததை நினைத்ததும் போய்விட்டது.

நானும் ஒன்று சொல்கிறேன். இதை உன் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று அது அணைந்தபோது நான் பயந்தது நிஜம். ஆனால் மறுநாள் மத்தியானம் அழகியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இனிமேல் எழுத முடியாது, நம்மேல் தப்பில்லை' என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பு லேசானது. எவ்வளவு லேசு தெரியுமா? பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு பத்தி எழுதவில்லை நான். எழுத உட்கார்ந்தால் அவள் அழுகிற மாதிரியே கேட்கிறது, போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுடன் இருந்தால் அத்தியாயம் கூப்பிடுகிறது. மூடியைத் திறந்து, உள்ளே எல்லாம் நன்றாக இருந்துவிட்டால்? அப்புறம் சாக்கு இல்லையே. அதற்குத்தான் அண்ணே இருபத்துநாலு நாள்.

திட்டுவதென்றால் திட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அமுதா

•

கடலில்
22.11.2025

என் அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

திட்டவில்லை. நீ முனைவர் ஆனாலும் ஆகாவிட்டாலும் எனக்கு அமுதாதான். மருமகளுக்கும் நீ அம்மாதான், அதற்கு யாரும் பட்டம் கேட்கப் போவதில்லை. வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு. ஆனால் விடுவதென்றால் நீயாகச் சொல்லி விட வேண்டும். ஒரு பெட்டி உனக்காக முடிவு செய்யக்கூடாது.

ஆகவே முதலில் கோப்புகளை வெளியே எடுப்போம். அப்புறம் நீ சாவகாசமாக யோசி. கம்ப்யூட்டர் ஓடவே வேண்டாம், அது இதற்குத் தேவையில்லை. மூடியைத் திறந்தால் டைரி அளவில் கனமான ஒரு பெட்டி ஓரத்தில் திருகியிருக்கும், அதுதான் அந்தப் பாழாய்ப் போன டிஸ்க். இரண்டு ஒயரைக் கழற்றி வெளியே எடு. கீழே மட்டும் போட்டுவிடாதே. டிஸ்கை வேறு கம்ப்யூட்டரோடு இணைக்கிற யூ.எஸ்.பி ஒயர் கடையில் கிடைக்கும், தனிக் கரண்ட் பிளக்கோடு வருவதாகப் பார்த்து வாங்கு. மாப்பிள்ளையின் ஆபீஸ் லேப்டாப்பில் சொருகு. லேப்டாப் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால், வேண்டாம் என்று அமுக்கி நிறுத்திவிடு. கேட்காவிட்டால் நல்ல சகுனம். உள்ளே இருப்பதைத் திறந்து படிக்க நிற்காதே, முதலில் மொத்தத்தையும் நகலெடு.

இந்தத் தடவை மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவருக்குச் சொல்லாததையும் சொல்லிவிடு.

அருள்மணி

•

கந்தர்வக்கோட்டை
30.11.2025

அன்பு அண்ணே,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. வந்துவிட்டது! எல்லாம் வந்துவிட்டது! உன் பழைய டிஸ்க் வாழ்க!

இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் மாப்பிள்ளை மூடியைக் கழற்றினார். பசுவுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டார். டிஸ்கை நான்தான் எடுத்தேன். கீழே மெத்தை, மெத்தைமேல் தலையணை. "புள்ளைக்குக்கூட இம்புட்டு விரிக்கல" என்றார் அத்தை.

லேப்டாப்பில் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன், பழக்க தோஷம். ஐந்து தாண்டியது, ஆறு சொன்னேன் அண்ணே! ஒன்பதில் திரையில் ஒரு பெட்டி திறந்தது, 'கண்மாய்' என்று என் கையால் பெயர் வைத்த கோப்பு முதலில் நின்றது. நான் கத்தியதில் அழகி பயந்து அழுதாள், அவளைத் தூக்கிக்கொண்டு நானும் அழுதேன். "ரெண்டு பேருல யாருக்குப் பால் கலக்கணும்?" என்று கேட்கிறார் இவர். ஆபீஸ் லேப்டாப்பில் கோமாரித் தடுப்பூசிப் பட்டியலுக்குப் பக்கத்தில் என் நாற்பது கண்மாயும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நகலெடுக்க மூன்று மணிநேரம் ஆனது. யாரையும் அந்தப் பக்கம் நடக்க விடவில்லை.

அதற்கப்புறம்தான் கேள். எல்லாம் முடிந்து இவர் வெறும் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "அமுதா, இங்கிட்டு வா. இந்த ஆன் பட்டன் உள்ள போனா வெளிய வரமாட்டேங்குது பாரு" என்றார். அமுக்கினால் உள்ளேயே பதுங்கிக்கொள்கிறது. ரொம்ப நேரம் கழித்து நத்தை மாதிரி வெளியே வருகிறது. ஓரத்தில் மஞ்சளாக, கல்லாக, ஏதோ அடைத்திருக்கிறது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

சந்தனம்.

ஆயுத பூஜைக்கு நான்தான் வைத்தேன். வண்டிக்கு, தையல் மெஷினுக்கு, இவருடைய ஊசிப் பெட்டிக்கு எல்லாம் ஒரு விரல் சந்தனம்தான் வைத்தேன். இந்த வருடம் ஆய்வேடு முடியவேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு மட்டும் மூன்று விரலால் அள்ளி, நெற்றி மாதிரி இருக்கிறதே என்று பார்த்து, சரியாக அந்தப் பட்டன்மேல் அப்பினேன். நடுவில் குங்குமம். மறுநாள் மேலாகத் துடைத்தேன், இடுக்கில் போனது காய்ந்துவிட்டது. நீ எதுவும் கொட்டியதா என்று கேட்டாயே, சத்தியமாக எதுவும் கொட்டவில்லை. வைத்ததுதான்!

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். நன்றாகக் காயவிட்டு, டிஸ்கைத் திரும்ப மாட்டி அமுக்கினேன். பட்டன் 'டக்' என்று துள்ளி வந்தது. ஓடுகிறது. இதை அதில்தான் அடிக்கிறேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அது லேசா இருந்துச்சுன்னா நீ ரொம்பத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்னுதானே அர்த்தம், என்கிட்டக் குடுத்திருக்கலாமுல்ல" என்றார். வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

உன் அமுதா

•

கடலில்
7.12.2025

அன்புள்ள அமுதாவுக்கு,

நான் மிக மிக நலம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன். எங்கள் இன்ஜின் ரூமில் தூத்துக்குடி செபமாலை அண்ணன் ஒருவர் இருக்கிறார், சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. இதில் என்ன கொடுமை என்றால், அதே நாள் நானும் இங்கே மெயின் போர்டுக்குச் சந்தனம் வைத்தேன். எலி, இடி வரை கேட்ட எனக்குச் சந்தனத்தைக் கேட்கத் தோன்றவில்லை. பட்டனை விட்டு ஒதுங்கி வைத்தேன் என்பதுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம். பட்டன் அமுங்கியே நின்றால் நாலைந்து நொடியில் எந்தக் கம்ப்யூட்டரும் தானாக அணைந்துவிடும், நீ ஐந்து என்றபோதே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

நகலை மூன்று இடத்தில் வை. ஒன்று வீட்டில், ஒன்று ஆத்தாவிடம், ஒன்று மெயிலில். புது டிஸ்க் என் பொறுப்பு. ரகுநாத் கடைக்கு ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வா, அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது உன் முறை. எழுதப் போகிறாயா, விடப் போகிறாயா? எதுவானாலும் ஒரு வரி போதும்.

அருள்மணி

•

கடலில்
3.1.2026

அமுதாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அங்கே எல்லோரும் நலம்தானே? ஒரு வரி போதும் என்றேன், அந்த ஒரு வரியும் இல்லை. நான் அவசரப்படுத்திவிட்டேனா? விட்டுவிட்டாய் என்றால் எனக்கு வருத்தமே இல்லை. மருமகள் எப்படி இருக்கிறாள் என்றாவது சொல்.

அருள்மணி

•

கந்தர்வக்கோட்டை
28.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடியும் நடுராத்திரிதான், மறுபடியும் மன்னிப்புதான். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அழகி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நின்றதும் தனக்குத்தானே கைதட்டி, அதனாலேயே விழுகிறாள்.

ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை அண்ணே. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் போனால்? அதனால் உனக்கு எழுதாமல் ஆய்வேட்டை எழுதினேன். காலை நாலு முதல் ஆறரை வரை. உன் மாப்பிள்ளை அழகியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். "ஆத்தா கம்மாயில இருக்கா, வந்துருவா" என்று அவளிடம் சொல்வது எனக்குக் கேட்கும்.

அட்டவணையைத் திறந்ததும் கடைசியில் ஒரு வரிசை காலியாக நின்றது. நாற்பத்தொன்றாவது கண்மாய். 'மழைக்குப் பிறகு பார்க்க' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு சேற்றில் இறங்க வேண்டாம் என்று விட்டது. மேடத்திடம் கேட்டேன். "நாற்பது போதும்மா, அந்த வரிசையை எடுத்துடு" என்றார். எடுக்கத்தான் போனேன். கை அமுக்கவில்லை.

காணும் பொங்கலன்று மூன்று பேரும் வண்டியில் போனோம், அன்னவாசல் பக்கம். நிரம்பி மறுகால் வழிகிற அளவுக்குத் தண்ணீர். இவர் கரையில் அழகியை வைத்துக்கொண்டு நின்றார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். முதல் சேறு காலை இழுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி இறங்கி இரண்டு வருடமாகிறது. அல்லி, ஆரைக்கீரை, வேலம்பாசி. இன்னும் உள்ளே போனால் கொட்டிக்கிழங்கு பூத்திருக்கிறது, தண்ணீருக்கு மேல் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு. நான் பெயர் சொல்லச் சொல்ல இவர் கரையில் எழுதினார். "மெதுவாச் சொல்லு புள்ள, ஒரு கையில ஒன் மக இருக்கா" என்று கத்தினார். அவள் அதற்குள் நான் எடுத்துக் கொடுத்த முதல் அல்லியைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டாள். அதனால் மாதிரி இரண்டு எடுக்க வேண்டியதாயிற்று.

இன்று திருச்சிக்குப் போய்ச் சமர்ப்பித்துவிட்டேன். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக. அலுவலகத்தில் இருந்த அம்மா பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சுருக்கத்துல நாப்பதுன்னு இருக்கு, உள்ள நாப்பத்தொண்ணு இருக்கே?" என்றார். "ஒண்ணு கூடுதலாப் பாத்துட்டேங்க" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழகிக்குப் பால் கொடுத்தேன். அழுகிற மாதிரி எங்கும் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வு ஏப்ரலில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்கிறார் மேடம். நாள் குறிப்பதற்கு முன் என்னைக் கேட்டிருக்கிறார். நீ எப்போது கப்பலை விட்டு இறங்குகிறாய்? தேதியோடு சீக்கிரம் பதில் போடு அண்ணே.

உன் தங்கை,
அமுதவல்லி